டிக்கி விளக்கு

பழனி ரோட்டு மெக்கானிக் என் காரின் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "பேட்டரி மேல குத்தமில்ல சார். மூடுன பெறகும் டிக்கி லைட்டு எரியுது, அதான் சார்ஜ் இறங்கிருது" என்றார்.

அப்பாவின் வாடகை அம்பாசிடர் ஞாபகம் வந்தது. மதியம் அவர் தூங்கும்போது சாவியை எடுத்துப்போய், சூடேறிய ரெக்சின் வாடைக்குள் உட்கார்ந்து வண்டி ரேடியோவில் மணிக்கணக்காகப் பாட்டுக் கேட்பேன். ஒருநாள் கல்யாணச் சவாரிக்கு வண்டி கிளம்பவில்லை. பேட்டரி விற்ற அந்தோணி மாமாவிடம் அப்பா, "பழசத் தொடச்சு எந்தலையில கட்டிட்டியேப்பா" என்றார். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து எங்கள் வீட்டில் காப்பி குடித்துப் போகிற மாமா, அதற்குப் பிறகு வரவேயில்லை.

செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சர்ச் சாமியாரிடம் மிட்டாய் திருடியதைச் சொன்னேன். பாட்டுக் கேட்டதைச் சொல்லவில்லை.

இன்று காலை பேட்டரிக் கடைக்காரரிடம் போனில் நான் சொன்னதும் அப்பாவின் அதே வார்த்தைகள்தான்.