அக்கா திருத்திய வாக்கியம்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், வீட்டில் நாங்கள் இத்தனை காலம் வாய் திறக்காத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் அக்கா பிறந்தார். அவர் பத்தாவது படிக்கும்போது அம்மாவுக்குத் தொழுநோய் என்று தெரிந்தது. மருந்தில் நோய் முழுவதும் குணமானது. விரல்கள் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன. குழாயடியில் அம்மாவின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களைத் திருவண்ணாமலைக்கு அழைத்து வந்தார்.

சில ஆண்டுகளில் அப்பா காலமானார். அக்கா தட்டச்சு கற்று, அஞ்சல் வழியில் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கி, என்னையும் படிக்க வைத்தார். தம்மைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மாவின் நோயை மறைக்க அவர் சம்மதிக்கவில்லை. அதனால் எந்த வரனும் கூடிவரவில்லை. எனக்குப் பெண் பேசும்போது, அம்மாவின் விரல்களைப் பற்றிக் கேட்டவர்களிடம் நான், "அம்மாவுக்குச் சின்ன வயசுல தீ பட்டுடுச்சுங்க" என்று சொன்னேன். பக்கத்திலிருந்த அக்கா காபி கலக்க எழுந்து போனார். என் மனைவி வீட்டார் என்னை மன்னிக்க வேண்டும். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இனி வழியில்லை.

செங்கம் சாலையில், தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் தங்கும் இல்லம் ஒன்றின் அலுவலகத்தில் அக்கா வேலை பார்த்தார். ஆங்கிலக் கடிதங்கள் எல்லாம் அவர் கையால்தான் போகும். "ஸ்டாஃப்ஸ்னு ஒரு வார்த்தையே கிடையாதுங்க, எத்தனை பேர் இருந்தாலும் ஸ்டாஃப்தான்" என்று சிரித்துக்கொண்டே திருத்துவார்.

ஒரு வருடம் ஆண்டறிக்கையில், இல்லத்தில் இருப்பவர்களை மேலாளர் 'லெப்பர்ஸ்', அதாவது குஷ்டரோகிகள், என்று எழுதியிருந்தார். அக்கா அதை அடித்துவிட்டு, தொழுநோய் வந்து குணமான மனிதர்கள் என்று பொருள்படும்படி மாற்றினார். மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார்.

"வருஷா வருஷம் அப்படித்தானேம்மா போவுது? அந்த வார்த்தையப் பாத்தாதான் பணம் அனுப்புற வெளிநாட்டுக்காரங்க மனசு இளகும்."

"அவங்களுக்கு நோய் வந்துது, சரியாயிடுச்சு சார். இன்னமும் நோய் பேரையே அவங்களுக்கு வெச்சா எப்படிங்க? முதல்ல பீப்பிள்னு எழுதணும். நோயைப் பின்னாடி சொல்லிக்கலாம்."

"எனக்கே கிராமர் சொல்லித் தர்றியா?"

"எங்கம்மாவ அந்த வார்த்தையில என்னால டைப் பண்ண முடியாது சார்."

அதுவரை அங்கே யாருக்கும் அம்மாவைப் பற்றித் தெரியாது. மறுநாள் அக்காவின் டீ டம்ளரைத் தனியாக வைத்திருந்தார்கள். அறிக்கை பழைய சொல்லோடே போனது. அக்கா வேலையை விட்டார்.

"ஒரு வார்த்தைக்காகவா வேலைய விட்டுட்டு வந்த?" என்று கத்தினேன். உள்ளே அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா என்னிடம், "மெதுவா பேசுடா" என்று மட்டும் சொன்னார். அந்த ஆண்டே அம்மாவும் போய்விட்டார்.

பிறகு அக்கா வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு கடையில் மனுக்கள் தட்டச்சு செய்தார். சில வருடம் கழித்து, புதிதாக வந்த மேலாளர் பழைய கோப்பில் அக்காவின் திருத்தத்தைப் பார்த்துவிட்டு அவரைத் தேடி வந்தார். அந்த ஆண்டு முதல் அறிக்கையில் அக்காவின் வாக்கியம்தான் வருகிறது. அக்காவைத் திரும்ப வேலைக்கும் அவர் அழைத்தார். அதற்குள் அக்காவின் சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன. வாரம் இருமுறை டயாலிசிஸ். இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டு, ஒரு காலையில் அடங்கிவிட்டார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்த ஆட்டோ ஓட்டுநருக்கும், கடைசி மாதங்களில் அக்காவைக் குளிப்பாட்டிய எதிர்வீட்டு அம்மாவுக்கும் எங்கள் நன்றி. இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அக்காவைக் கிடத்தியிருந்த அன்று, இல்லத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். நான் போய்க் கூப்பிட்டேன்.

"உங்க சொந்தக்காரங்கல்லாம் இருக்காங்க. நான் வரலாமாங்க?" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோர் நடுவிலும் நடந்து வந்தேன். அக்காவுக்கு முதல் வாய்க்கரிசியை அவர்தான் போட்டார்.