மருந்து என்று சொல்லிவிட்டேன்

என் மதினியின் விண்ணப்பத் தாளில், பெயர் எழுதும் இடத்துக்குச் சற்று மேலே, வெள்ளி நிறத்தில் ஒரு விரல் ரேகை விழுந்திருந்தது. மதினி கையெழுத்துப் போடத் தெரிந்தவர். ரேகை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார், அவ்வளவுதான். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற கை அது. அலுமினியப் பவுடர் நகக்கண்ணிலும் ரேகையிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், என்ன தேய்த்தாலும் முழுசாகப் போகாது. "அய்யய்யோ, அழுக்காக்கிட்டேனே தம்பி, வேற தாள் குடுங்க" என்று பதறினார். வேறு தாள் இல்லை என்று பொய் சொன்னேன். பையில் ஒரு கட்டே இருந்தது. இன்னொன்றை உருவி நீட்டுகிற நேரத்துக்குள் அவர் மனசு மாறிவிடுமோ என்று எனக்குப் பயம்.

எங்கள் திருத்தங்கல் பக்கத்தில் மருந்து என்றால், காய்ச்சலுக்குக் குடிப்பது இரண்டாவது அர்த்தம். முதல் அர்த்தம் வெடிக்குள் போவது. பிள்ளைக்கு இருமல் என்றால் கூட "டானிக் வாங்கணும்" என்பார்களே தவிர அந்தச் சொல்லை லேசில் எடுக்கமாட்டார்கள். இதெல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும் சொன்னேன் பாருங்கள், அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்கள் அவை. பெட்ரோல் ஆட்டோக்களைக் கேஸுக்கு மாற்றலாம் என்று அரசாங்கம் வழிவிட்டிருந்த நேரம். புகையில்லாத வண்டிகளுக்கு ஆள் பழக்க வேண்டும் என்று மானியம் ஒதுக்கி, விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் பின்புறத்துக் கொட்டகையில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். மூன்று மாதம், இலவசம், மதியச் சோறு, பஸ் செலவுக்கு உதவித்தொகை. பட்டாசு வேலையிலிருந்து வருகிற பெண்களுக்கு முன்னுரிமை. ஒரே ஒரு நிபந்தனை. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குக் கீழே குறைந்துவிட்டால் மானியம் நின்றுவிடும், கொட்டகையைப் பூட்டிவிட வேண்டும். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பது என் வேலை. மாஸ்டர் கோயம்புத்தூர்க்காரர், பாதிக்குமேல் இங்கிலீஷில்தான் பாடம் எடுப்பார். பக்கத்தில் நின்று அதை எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வதும் என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் அதில் ஒரு பெருமையும் இருந்தது.

மதினியை அந்த வகுப்பில் எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்று நான் துடித்ததற்குக் காரணம் என் அண்ணன். அதற்கு மூன்று வருடம் முன்பு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ரூமில் தீப்பிடித்ததில் அவருக்கு இரண்டு கை விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் காப்பி குடிப்பார். அவர் வீட்டோடு ஆனபிறகு அதே கம்பெனிக்கு மதினி போக ஆரம்பித்தார். காலையில் கம்பெனி பஸ் ஏறினார் என்றால் சாயங்காலம் இறங்குகிறவரைக்கும் அண்ணனுக்கு உயிர் இருக்காது. எங்கேயாவது பாறைக்கு வேட்டு வைத்த சத்தம் கேட்டாலும் தெருவுக்கு ஓடிவந்து வானத்தைப் பார்ப்பார். "எந்தப் பக்கம்லே புகை? மேக்கயா? சொல்லுலே!" என்று என்னை உலுக்குவார். உலுக்குகிற கையில் பிரிந்த விரல் கிடையாது. அந்தப் பிடி இப்போதும் தோளில் இருக்கிறது.

"ஏலே, அவளை அங்கன இழுத்துட்டுப் போயிரு. தீவாளி சீசன் சூடு பிடிக்கறதுக்குள்ள இழுத்துட்டுப் போயிரு" என்று அண்ணன் என்னிடம் கெஞ்சினார். மதினிக்கு இஷ்டமில்லை. "கேஸும் நெருப்புதானே தம்பி? எங்களுக்குத் தெரிஞ்ச நெருப்பு போதாதா?" என்றார். நான்தான் விடவில்லை. கேஸ் என்பது மருந்து மாதிரி கிடையாது, வால்வுக்குள் அடங்கிக் கிடக்கும், நாம் சொன்னால்தான் வரும் என்று என்னென்னவோ அளந்து சம்மதிக்க வைத்தேன்.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. அந்தப் பெண்களின் கையைப் பார்த்து மாஸ்டர் அசந்துபோனார். ஸ்பேனரைக் கீழே வைத்தால் பூ வைத்த மாதிரி சத்தம் வராது. யாரும் சொல்லாமலே செருப்பைக் கொட்டகைக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார்கள். எத்தனை கதவு, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று முதல் நாளே பார்த்துவைத்துக்கொண்டார்கள். ஒருநாள் மாஸ்டர் காலி சிலிண்டர் ஒன்றைத் தரையில் தரதரவென்று இழுத்தார். வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. "இழுக்காதீக சார்! தூக்குங்க!" என்று ஒரே கூப்பாடு. மருந்து இருக்கிற இடத்தில் எதையும் உரசக்கூடாது, அது அவர்கள் எலும்பில் ஊறிய பாடம். மாஸ்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது வாரம் கேஸின் குணத்தைப் பற்றிய பாடம். கேஸுக்கு இயற்கையில் வாசம் கிடையாது, கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக நாற்றமடிக்கிற ஒரு பொருளைக் கலக்கிறார்கள் என்று மாஸ்டர் இங்கிலீஷில் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். "கேஸுக்குன்னு வாசம் கிடையாதுக்கா. அதுல மருந்து கலப்பாங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதற்கென்று எனக்கு உறைக்கவேயில்லை. முன்வரிசையில் இருந்த பெண், மதினிக்குக் கம்பெனியில் பக்கத்து மேசைக்காரர், குனிந்த தலையோடு கேட்டார், "எம்புட்டு மருந்து தம்பி?"

நல்ல கேள்வி கேட்டுவிட்டார்களே என்று எனக்குச் சந்தோஷம் வேறு. "ஒரு சொட்டு போதும்க்கா. தெரு முழுக்கத் தெரிஞ்சிரும்" என்றேன், கையை விரித்து வேறு காட்டினேன்.

மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. சரியாகப் பாதி. இன்னும் ஒருவர் நின்றால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். வராதவர்களில் மதினியும் ஒருவர். மாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஏதாவது கோயில் திருவிழாவா என்று கேட்டார். எனக்கு மதியச் சோற்றில் கை வைக்கும்போதுதான் பொறி தட்டியது. மருந்து என்றல்லவா சொல்லிவிட்டேன். அப்படியே எழுந்து பஸ் ஏறினேன்.

மதினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" என்றார், முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று நான் கேட்டதும் சுளகைக் கீழே வைத்தார். "மருந்து கலக்குறது என்னன்னு ஒங்க அண்ணன் கையைப் பாத்துட்டுப் பேசுங்க. ஒரு சொட்டுல தெரு போயிரும்னு நீங்களே சொல்லுதீக. அதுக்கு நான் பழைய கம்பெனிக்கே போறேன். அங்கன எம்புட்டுக் கலக்குறோம்னாவது தெரியும்."

தலையில் அடித்துக்கொண்டேன். அது அந்த மருந்து இல்லை மதினி, வெறும் நாற்றம் மதினி, அழுகிய முட்டைக்கோசு மாதிரி நாறும், கேஸ் கசிந்தால் தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடியே மூக்கில் ஏறி ஓடு ஓடு என்று சொல்லும், அதற்காகத்தான் கலக்கிறார்கள் என்று தொண்டை வற்றச் சொன்னேன். உள்ளே அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். மதினி சுளகை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்:

"அப்ப, ஆபத்து வருதுன்னு முன்கூட்டிச் சொல்லுறதுக்குன்னே ஒண்ணைக் கலக்குறாக. அப்பிடி ஒண்ணை எங்க மருந்துல கலந்திருந்தா ஒங்க அண்ணன் வெளிய ஓடியாந்திருப்பாக, இல்லையா தம்பி?"

அண்ணன் உள்ளே இருமினார். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே மதினி வந்து இறங்கினார். நின்றுபோன மற்றவர்களையும் தேடிப் போனேன். மதினியும் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார். சிலர் வந்தார்கள். சிலர் தலையை ஆட்டினார்கள், வரவில்லை. முன்வரிசைப் பெண் வரவில்லை. நாலாம் நாள் போனபோது வீடு பூட்டியிருந்தது, கம்பெனிக்குத் திரும்பிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வகுப்பு பிழைத்துக்கொண்டது. அதற்குமேல் யாரையும் வற்புறுத்த எனக்குத் தைரியம் இல்லை.

கடைசி மாதம், மெய்யான கேஸோடு செய்முறைப் பயிற்சி. இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மதினி குனிந்து தடவிக்கொண்டிருந்தார். மாஸ்டர் வெளியே யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று குழாய் இணைப்பு ஒன்று கழன்று உஸ்ஸென்று சீறியது. நாற்றம் குப்பென்று ஏறியது. மற்றப் பெண்கள் எல்லாரும் கண்மூடித் திறப்பதற்குள் வெளியே. ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்த நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்றம் போகட்டும் என்று மின்விசிறி சுவிட்சைப் போடக் கையை நீட்டினேன். "தொடாதீக! சுவிட்சைத் தொடாதீக!" என்று மதினி போட்ட சத்தத்தில் கை அந்தரத்தில் நின்றது. ஒரு பொறி போதும். அதை அவர்தான் அறிவார். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். வாசலைத் தாண்டி, வத்தல் மூட்டைகளைத் தாண்டி, ரோட்டில் நின்றபிறகுதான் மதினி உள்ளேயே இருக்கிறார் என்பது புத்தியில் ஏறியது. அண்ணனிடம் என்ன சொல்வேன் என்பதுதான் முதலில் தோன்றியது. அவ்வளவு கேவலமான பயம்.

சீறல் நின்றது. கொஞ்ச நேரத்தில் மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்து வந்தார். சிலிண்டர் வால்வை அடைத்துவிட்டு, கதவுகளை எல்லாம் தள்ளித் திறந்துவிட்டு வந்திருக்கிறார். "ஏன் மதினி ஓடலை?" என்று கத்தினேன். "ஓடத்தான் தம்பி காலு துடிச்சுது. ஆனா வாசம்தானே வருது, இன்னும் பிடிக்கலையேன்னு நெனச்சேன். எங்க மருந்து இம்புட்டு நேரம் தராதுல்ல?" என்றார். பிறகு ரோட்டோரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

சான்றிதழ் வாங்கிய கையோடு விருதுநகரில் ஒரு ஆட்டோ ஒர்க்‌ஷாப்பில் மதினிக்கு வேலை கிடைத்தது. அந்தச் சீசனிலேயே, தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, பழைய கம்பெனியில் மருந்து அடைக்கும் ரூமில் தீப்பிடித்தது. மதினியின் மேசை இருந்த ரூம். முன்வரிசைப் பெண் அதில் போய்விட்டார். அண்ணன் செய்தி கேட்டதும் மதினியின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. துட்டி கேட்க அந்த இழவு வீட்டுக்கு மதினி போனார். நான் போகவில்லை. வேலை இருக்கிறது என்று சொன்னேன். அந்த வீட்டில் யாராவது என்னைப் பார்த்து, ஒரு சொட்டு என்று சொன்னது நீதானே என்று கேட்டுவிடுவார்களோ என்ற நடுக்கம்.

இப்போது பேட்டரி வண்டிகள் வந்துவிட்டன. அதற்கும் மானியம், அதற்கும் வகுப்பு, நான் இன்னும் அதே ஆள் பிடிக்கிற வேலையில்தான் இருக்கிறேன். பாடம் தொடங்குவதற்கு முந்தின நாள், சொல்லப்போகிற சொற்களை எல்லாம் மதினியிடம் ஒப்பித்துக் காட்டுவேன். "இது கேட்டா ஒங்களுக்கு என்ன தோணும்?" என்று கேட்பேன். ஒர்க்‌ஷாப்பில் ஆயில் படிந்த கையோடு, பொறுமையாகக் கேட்டுத் திருத்திச் சொல்வார். போன மாதம் அப்படி ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடம் அடைத்து வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். அந்தத் துட்டி வீட்டில் என்னைப் பற்றி என்ன சொன்னார்கள்?

"ஒங்களப் பத்தியா? ஒண்ணும் சொல்லலையே" என்றார் மதினி. "கிளாசுக்கு அவ ஏன் வராம நின்னுட்டாள்னு அவ வீட்டுக்கார அண்ணன்கிட்ட நானே கேட்டேன். பஸ் தூரம்னு வீட்டுல சொன்னாளாம்."

"பயந்துல்ல நின்னாக மதினி! நான் சொன்ன சொல்லுக்குப் பயந்து!"

மதினி கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார், விவரமில்லாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"மருந்துன்னா பயமா இருக்குன்னு வீட்டுல வாயைத் திறந்து சொல்லிட்டா, மறுநா காலையில கம்பெனி பஸ்ஸுல எப்பிடி தம்பி ஏறுறது?"