அக்கா முன்னால் நின்று பாடிய பாட்டு

எங்களிடம் இருந்த மெட்டுகள் கொஞ்சம்தான். அவற்றுக்கு மாட்டிவிட உடுப்புகள்தான் ஏராளம். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அம்மனைக் கூப்பிட்ட மெட்டு, உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு கிதாரை எடுத்தால் டிசம்பரில் பாலன் பிறந்த பாட்டு. அதையே விரட்டினால் கல்யாண மேடையில் குத்து. இழுத்து, நிறுத்தி, டோலக்கை மட்டும் வைத்துக்கொண்டால் சாவு வீட்டுக் கானா. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை, இந்தப் பக்கம் பாடி வரை, எங்களைக் கூப்பிடாத தெரு குறைவு. திரும்பத் திரும்ப ஒரே பாட்டைத்தான் கேட்கிறோம் என்று கண்டுபிடித்த தெரு ஒன்றுகூட இல்லை. அதில் எங்களுக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிர் எங்கே போய் முட்டியது என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன், இப்போதே வாய் கசக்கிறது.

நாங்கள் என்றால் மூவர்: அக்கா, நான், தம்பி. அக்கா எனக்கு மூத்தவள். தம்பி எங்கள் இருவருக்கும் பிறகு வெகு தாமதமாக வந்தவன். குமணன்சாவடியில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி வீடு; அக்கா குடும்பம் கீழே, நாங்கள் மாடியில். மெட்டு அக்காவிடமிருந்து வரும். அவளுக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. அரிசி களையும்போதோ துணி அலசும்போதோ வார்த்தையே இல்லாமல் ஏதோ ஒன்று அவள் தொண்டையில் ஊறும். தம்பி கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்து அதைப் பிடிப்பான். நான் பாடி கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்து, முகம்கூடக் கழுவாமல், சொற்களை வீசுவேன். ஒருவர் போட்டதை இன்னொருவர் வேண்டாம் என்று தள்ளக் கூடாது. ஒட்டுப் போடலாம், திருப்பிப் போடலாம், தூக்கி எறியக் கூடாது. அதுதான் எங்கள் சட்டம். பாட்டு முடிந்த பிறகு இது யாருடையது என்று கேட்கும் வழக்கமும் இல்லை. "மெட்டுக்கு ஊடு வாசல் ஏதுடா, கூப்டவங்க ஊட்டுக்குப் போவும்" என்பாள் அக்கா, கையில் கரண்டியோடு.

மேடையில் கதை வேறு. தம்பி முன்னால் நிற்பான், சிரித்தால் கூட்டம் சிரிக்கும். நான் ஓரமாக ரிதம் பேடில். அக்கா பின்னால், ஸ்பீக்கர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், கோரஸ். அவள் குரல் கனமானது, அடியில் மணல் கிடக்கும் தண்ணீர் மாதிரி. கல்யாணக்காரர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்குக் கண்ணாடி மாதிரி மேலே ஏறும் குரல் வேண்டும். அதனால் ஜோடிப் பாட்டுகளுக்குப் பட்டாபிராமிலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவருவோம். வேனில் வரும் வழியில் அக்காவே அந்தப் பெண்ணுக்கு மெட்டைச் சொல்லித் தருவாள். பிறகு பின்னால் போய் நின்றுகொண்டு, தன் மெட்டு இன்னொருத்தி வாயில் போவதைக் கேட்டபடி, கை தட்டுவாள்.

சாவு வீட்டுக்கு அவள் வரமாட்டாள். அங்கே பொம்பளைகளுக்கு ஒப்பாரி, ஆம்பளைகளுக்குக் கானா. அந்தக் கோட்டைத் தாண்ட யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. ஆகவே எந்த மெட்டு எந்தப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு கோடையில் அவள் ஒன்று கேட்டாள். வாழ்க்கையில் அவள் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். எங்கள் ஊரில் அடுத்து வரும் கல்யாணத்தில் ஒரே ஒரு பாட்டை, முன்னால் நின்று, தான் பாட வேண்டும். கூச்சத்தோடு கேட்கவில்லை. முறத்தைத் தட்டி வைத்துவிட்டு, "அஞ்சு நிமிசம். அப்புறம் நீங்களே கிழிங்க" என்றாள். அந்தப் பாட்டுக்கான மெட்டை அவள் அவசரப்படாமல் செய்தாள். வழக்கமாக ஒரு சாயங்காலத்தில் முடியும் வேலை வாரக்கணக்கில் நீண்டது. பல்லவி ஏறாமல் இறங்கும். தாழ்ந்துபோய், தரையைத் தொட்டுவிட்டு, அங்கேயே கொஞ்சம் நிற்கும். அவள் குரல் எங்கே அழகாக இருக்குமோ அங்கேயே அந்த மெட்டு குடியிருந்தது. பட்டாபிராம் பெண்ணால் அதைப் பாடவே முடியாது. அதைக் கேட்ட நாளில் நான் மாடிப்படியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றாமல், நெடுநேரம் இருந்தேன். புகுந்த வீட்டுக்குப் போகும் மகளைத் தாய் பார்த்துக்கொண்டே நிற்பதாக வரிகள் எழுதிக் கொடுத்தேன். தம்பி எப்போதும்போல வாசலில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டான்.

தை மாதம் கல்யாணம் வந்தது. எங்கள் ஊர்தான், மாங்காடு போகும் வழியில் மண்டபம். பெண்ணின் தகப்பன் ஐப்பசியில் இறந்திருந்தார். வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக நாள் குறித்திருந்தார்கள். சாவின்போது தம்பிதான் போய்ப் பாடியிருந்தான், நான் அன்று ஷிப்டில். அவன் பாடியது பெண்ணின் அம்மாவுக்குப் பிடித்துப்போய், கல்யாணத்துக்கும் எங்களையே கூப்பிடச் சொன்னதாகச் சொன்னார்கள். அந்த வீட்டில் தம்பி பாடினான் என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எதைப் பாடினான் என்று எங்கள் இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்கும் பழக்கமே எங்கள் வீட்டில் இல்லையே.

ரிசப்ஷன் பாதி ஓடியபோது அக்கா முன்னால் வந்தாள். கிளிப்பச்சைப் புடவை, காதில் அம்மாவின் கம்மல். மைக்கைத் தம்பி கையிலிருந்து வாங்கினாள். அவன் கீபோர்டுக்குப் போனான். பல்லவியை அவள் எடுத்ததும் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்தவர்களில் சிலர் திரும்ப உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். என் கை பேடில் தானாகவே மெதுவானது. இத்தனை வருஷம் இந்தக் குரலை ஸ்பீக்கருக்குப் பின்னால் நிறுத்தி வைத்த நாங்கள் எவ்வளவு பெரிய மடையர்கள் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷம் ஒரு பல்லவி நேரம் இருந்தது.

முன்வரிசையில் பெண்ணின் அம்மா கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்தது. கூடவே பாடுகிறார் என்று நினைத்தேன், புதுப் பாட்டை எப்படிப் பாடுகிறார் என்று அப்புறம்தான் உறைத்தது. அவர் உதட்டில் இருந்தவை நான் எழுதிய வார்த்தைகள் அல்ல. வேறு வார்த்தைகள். தன் புருஷனின் பெயர் வரும் இடத்தில் உதடு ஒட்டிப் பிரிந்தது, அங்கே கண்ணைத் திறந்துவிட்டார். மேடையில் மாலையோடு நின்ற பெண் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவளுக்கும் புரிந்துவிட்டது. தாய்மாமன் மேடையேறி வந்து மைக்கை உள்ளங்கையால் மூடினார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"ஏம்மா, எங்க மாமாவத் தூக்கறதுக்கு முன்னாடி அவரு தலமாட்டுல பாடுன பாட்டு இது. அதையே எடுத்தாந்து எங்க பொண்ணு கல்யாணத்துல பாடறியே, நீயும் ஒரு பொம்பளதான?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் விரல்கள் இன்னும் கீபோர்டின் மேல் அந்த ஒரே சுருதியை அழுத்திக்கொண்டிருந்தன. அவன் தலை குனிந்திருந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கே பாடியவன் நான்தான், அக்காவுக்குத் தெரியாது என்று. மண்டபம் முழுக்க அதற்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது எனக்கு. அக்காவும் காத்திருந்தாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, "தெரியாமப் பாடிட்டேன், மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவள் இறங்கி முடிப்பதற்குள் தம்பி ஒரு குத்துப்பாட்டை எடுத்துவிட்டான். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஆடினார்கள். கூட்டம் மறந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். அவன் கெட்டிக்காரன்.

அவளைப் பந்தி நடக்கும் இடத்துக்குப் பின்னால், கைகழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கை கழுவ வந்தவர்களுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் ஒயர்களைச் சுற்றி வைக்கும்போதுதான் பேச்சு வந்தது. அதுவும் அக்காதான் ஆரம்பித்தாள். ஏன் அந்த மெட்டைச் சாவுக்குக் கொண்டுபோனான் என்று அவள் கேட்கவில்லை. அதைத்தான் நாங்கள் காலமெல்லாம் செய்தோம். கேட்டது வேறு.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஏன்டா சொல்லல?"

தம்பி ஒயரை முழங்கையில் சுற்றியபடியே, வேகத்தை மாற்றிவிட்டால் தெரியாது என்று நினைத்ததாகச் சொன்னான். இதுவரை யாருக்குத் தெரிந்தது? "அழுதுகினு கீறவங்க மெட்டையாக்கா கேப்பாங்க?" என்றான். அது அவன் வாயிலிருந்து வந்தாலும் எங்கள் மூவருடைய நம்பிக்கைதான். மற்ற எல்லாரையும்விட அழுகிறவர்கள்தான் மெட்டைக் கேட்கிறார்கள் என்பது, சாவு வீடுகளில் இத்தனை காலம் பிழைத்த எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. மெட்டுக்கு ஊடு வாசல் கிடையாது என்று சொன்னதே நீதானே என்றான்.

"சொன்னேன். இதுக்கு இருந்துச்சு" என்றாள் அக்கா.

"சொல்லியிருந்தா நீ பாடியிருக்க மாட்டக்கா."

"ஆமா. பாடியிருக்க மாட்டேன். வேற ஒண்ணு போட்டிருப்பேன். உனுக்கு அந்த மெட்டு கல்யாணத்துலயும் வேணும், அதான?"

அவன் ஒயர் நுனியை இறுக்கிச் செருகினான். சுற்றிய ஒயரைச் சாக்கில் போட்டான். அன்றோடு அக்கா நிறுத்தினாள். விரதம், சபதம் என்றெல்லாம் இல்லை. அரிசி களையும்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. தெருவில் கொஞ்ச நாள் அவளுக்குச் சாவுப்பாட்டுக்காரி என்று பெயர் இருந்தது. காய் வாங்கப் போன இடத்தில், வளைகாப்பு வீட்டுக்காரி ஒருத்தி அவளைப் பார்த்து முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாளாம். ஒரு நாளும் சாவு வீட்டில் பாடாதவளுக்கு அந்தப் பெயர். தினமும் பாடியவனுக்கு வேறு பெயர் கிடைத்தது.

ஏரிக்கரைப் பக்கம் எழும்பியிருக்கும் பிளாட்டுகளில் கிதார் வாசிக்கும் பையன்கள் சிலர் இருந்தார்கள். மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள், நல்ல பிள்ளைகள். தம்பி அவர்களோடு சேர்ந்தான். கானாவுக்கு டிரம்ஸ் போட்டார்கள், அம்மன் பாட்டுக்கு வயலின். ஒரு பொங்கலுக்கு அவர்கள் குடியிருப்பு மைதானத்தில் கச்சேரி என்று என்னையும் அழைத்தான், போனேன். அங்கே அக்காவின் மெட்டைப் பாடினான். சாவு வார்த்தைகளில் பாதி, என் கல்யாண வார்த்தைகளில் பாதி. பாடுவதற்கு முன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒரே மெட்டு. ஒரு ஊட்ல சாவுக்கும் பாடுனோம், அதே ஊட்ல கல்யாணத்துக்கும் பாடுனோம். அவ்ளோதாங்க வாழ்க்கை" என்றான். ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா கும்பிட்ட கும்பிடு அவன் கதையில் இல்லை. கைகழுவும் குழாய் இல்லை. அவமானத்தைக் கழுவித் துடைத்துத் தத்துவத்தை மாட்டிவிட்டான். அதுவும் ஒரு உடுப்புதான். நான் பொங்கல் வாங்காமல் வந்துவிட்டேன்.

மெட்டு தீர்ந்துபோகும் நாள் எல்லோருக்கும் வரும். சென்ற வருஷம் அவன் காரில் வந்து இறங்கினான், கையில் ஸ்வீட் பெட்டி, கூட பிளாட் பையன்கள் இருவர். அக்கா எல்லோருக்கும் டீ போட்டாள். அவன் சுற்றி வளைக்கவில்லை. ஒரு மெட்டு வேண்டும், பேர் போட்டுவிடுகிறேன், மேடையில் ஏற்றி உட்கார வைக்கிறேன் என்றான். அவன் மனதாரச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது, அதனால்தான் இன்னும் கசந்தது. அக்கா டம்ளரைக் கழுவிக்கொண்டே, அதை எங்கே பாடப் போகிறாய் என்று கேட்டாள்.

"எங்க வேணா பாடுவேன்க்கா. இப்பவே எப்டித் தெரியும்?"

"தெரிஞ்சதும் வா நைனா" என்றாள். கோபமே இல்லாத குரல். அவன் சிரித்தான், பையன்களும் சிரித்தார்கள். அவன் திரும்ப வரவில்லை.

ஆனால் பாட்டு வந்தது. அம்பத்தூர் ஓ.டி.யில் ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது டிரைவர் வைத்த பாட்டு அது. முதல் வரியிலேயே நிமிர்ந்தேன். அக்காவின் மெட்டு இல்லை, அக்கா மாதிரி. அவள் எங்கே தயங்குவாளோ அங்கே தயங்கி, எங்கே இழுப்பாளோ அங்கே இழுத்து, பார்த்து எழுதிய கையெழுத்து மாதிரி ஒரு மெட்டு. தம்பிதான். இறங்கியதும் போனில் தேடி எடுத்து, நேராகக் கீழ் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவள் கோபப்படுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்திருக்கலாம்.

அக்கா முற்றத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பாட்டை வைத்தேன். கை நிற்காமல் கேட்டாள். சரணம் வரும் இடத்தில் புருவம் சுருங்கியது.

"இங்க தப்பு பண்ணிட்டான். மேல போயிட்டான் பாரு. எறங்கணும்."

நான் பாட்டை நிறுத்தினேன். அவள் அந்த வரியைப் பாடிக் காட்டினாள். வார்த்தை இல்லை. இத்தனை வருஷம் புழங்காத குரல், முதலில் கரகரத்தது, பிறகு கீழே போய்த் தனக்குத் தெரிந்த இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. இறங்கியது, இன்னும் இறங்கியது. இது தம்பியின் பாட்டு இல்லை. திருத்தப் போன இடத்தில் புதிதாக ஒன்று ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்தினாள். என் கையைப் பார்த்தாள், கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"அது ஓடிகினு கீதா?"

"பாட்ட நிறுத்திட்டேன்க்கா."

"அவன் பாட்டு இல்ல. நான் பாடுனதப் புடிச்சியான்னு கேட்டேன்."

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. ஈரக் கையை நீட்டினாள். கொடுத்தேன். திரையை அருகில் வைத்து, திருப்பி, மறுபடி அருகில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அதில் என்ன தெரிந்ததோ, மீன் வாசத்தோடு திருப்பிக் கொடுத்தாள். மெட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் என்பதில், அவளோடு ஒரே மேடையில் நின்ற நானும் தம்பியும் அந்தக் கைக்கு ஒன்றுதான்.

"மீதியும் பாடுக்கா" என்றேன்.

"எங்கிட்டயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.