புறங்கையால் தொடுபவர்

ஊர் ஊராகச் சுற்றியதில் எத்தனையோ பேரோடு தங்கியிருக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் என் அறையில் இருந்தவர் இரும்பாலையில் உலை முன்னால் நிற்பவர். புருவம் பாதி கருகியிருக்கும். டீ கிளாசோ கதவுத் தாழ்ப்பாளோ, எதையும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பிடிப்பார்.

பொதட்டூர்பேட்டையில் அவர் தங்கைக்குக் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை. இரவு ஷிப்டு முடித்துப் போனால் முகூர்த்தம் தாண்டிவிடும். அதனால் குளித்து, புது வேட்டி கட்டி, கையில் அட்சதையோடு வீட்டுக்காரம்மாவின் டிவி முன்னால் உட்கார்ந்தார். கல்யாணம் யூடியூப் நேரலையில் ஓடியது.

திடீரென்று படம் போய்விட்டது. மேளம் மட்டும் கேட்டது. எங்கள் இருவரிடமும் பட்டன் போன்தான். நான் வயரைப் பிடுங்கிச் செருகினேன். திரை கறுப்பாகவே இருந்தது.

"இன்னாப்பா, தாலி கட்றத காதாலதான் பாக்கணுமா?" என்றவர், செட்டாப் பாக்ஸில் புறங்கையை வைத்தார். "கொதிக்குது! இதுக்கு யாரு, அக்கா, போர்வ போத்துனது?"

அதன்மேல் ஒரு துண்டு மூடியிருந்தது.

"ஆலைத் தூசி படக்கூடாதுன்னுதான் நைனா" என்றார் வீட்டுக்காரம்மா.

அறைத்தோழர் துண்டை எடுத்துவிட்டு சுவிட்சை அணைத்தார். மேளமும் நின்றுபோனது. "வீசிக்கினே இரு" என்றார். நான் முறத்தால் விசிறினேன். மறுபடி போட்டதும் படம் வந்தது. தாலி இன்னும் மாப்பிள்ளை கையில்தான் இருந்தது.

அட்சதையைத் திரைமேல் தூவினார். பிறகு கிட்டே போய்த் தங்கையின் கன்னத்தைத் தொட்டார். அப்போதும் புறங்கையால்தான்.