நடு ஏரியில் நின்ற மோட்டார்

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மர்பி டவுனில் குடியிருந்துகொண்டு ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். அல்சூர் ஏரியில் படகு விடுகிறவர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய படகின் பின்னால் மாட்டும் மோட்டார் கெட்டால் என்னைத்தான் கூப்பிடுவார். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பழைய சாமான் அது. மேலே பெட்ரோல் டேங்க், அதிலிருந்து ஒரு குழாய், கீழே கார்புரேட்டர். கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்ப வேண்டும்.

அன்று ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றவில்லை, படகுக்காரர் வாசலில் நின்றார். எருமைக்குப் புல் அறுக்க வாழைமரத் தெப்பத்தில் ஏரிக்குள் போன ஓர் ஆள் காலையிலிருந்து திரும்பவில்லையாம். தெப்பம் மட்டும் கரை ஒதுங்கியிருந்தது.

"தேடலாம்னு போனா மோட்டார் நடு ஏரில நின்னு போவுதுண்ணா. ஸ்வல்பம் வந்து பாரு" என்றார்.

"துடுப்பு போட்டுத் தேடேன்பா. எனக்கு நிக்கவே தெம்பில்ல."

"எம்மாம் பெரிய ஏரி! அவன் அண்ணன்காரன் கரையில குந்திக்கினு கீறான். பாக்க முடியல."

போனேன். காணாமல் போனவனின் அண்ணன் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பங்களாவில் தோட்டக்காரர். மண் படிந்த கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

கரையில் கட்டிப்போட்டுக் கிளப்பினால் மோட்டார் நன்றாகவே ஓடியது. ஏரிக்குள் போய் வேகம் கொடுத்ததும் திணறி நின்றது. கொஞ்சம் பொறுத்துக் கயிற்றை இழுத்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். நெருப்புப் பொறி சரியாக இருந்தது. பெட்ரோல்தான் போதுமான அளவு இறங்கவில்லை. மெதுவாக ஓடும்போது அந்தச் சொட்டு போதும். வேகத்துக்குப் போதாது. டேங்க் மூடியில் காற்றுப் போகும் துளை அடைத்திருக்கும் என்று நினைத்துக் கம்பியால் குத்தினேன். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். அதற்குள் இருட்டிவிட்டது. சரியாகிவிட்டது என்றே நம்பி வீட்டுக்குப் போய் விழுந்தேன்.

காலையில் லீவு சொல்லி அனுப்பிவிட்டு அவர்களோடு படகில் ஏறினேன். தோட்டக்காரர் முன்பக்கம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி ஏரிகூடத் தாண்டவில்லை, மோட்டார் நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் கழற்றித் தண்ணீரில் போட்டிருப்பேன். கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

"வுட்டுடுங்க தம்பி" என்றார் தோட்டக்காரர் திரும்பாமலே. "நேத்தே எனக்குத் தெரியும். ஒடம்பு கெடைச்சா போதும்."

அதற்குப் பிறகு எப்படி விடுவது? குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி ஒரு டப்பாவில் விட்டேன். முதலில் சரசரவென்று விழுந்தது. பிறகு நூலாக இளைத்து, சொட்டுச் சொட்டாகியது. மூடியைத் திறந்து வைத்தும் அப்படியே. அப்படியானால் அடைப்பு குழாய்க்கும் மேலே, டேங்குக்குள். மிச்சப் பெட்ரோலைக் கேனில் ஊற்றிவிட்டு டேங்கின் குழாய்த் திருகைக் கழற்றினேன். உள்ளே இருந்த வலைச் சல்லடை முழுக்க வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ அப்பியிருந்தது. விரலில் எடுத்து மோந்து பார்த்தேன்.

"இது இன்னாப்பா, சோப்பா?"

படகுக்காரர் முகம் மாறியது. "டேங்க் ஓரத்துல ஒழுகிச்சு. சோப்பு தேச்சா நிக்கும்னாங்க. உள்ளாறயும் கொஞ்சம் அமுக்கி வெச்சேன்."

பெட்ரோலில் சோப்பு கரையாது. ஆனால் டேங்குக்குள் மழைத்தண்ணீரும் இறங்கியிருந்தது. அதில் ஊறிய சோப்பு சல்லடையில் வந்து படிந்திருந்தது. அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. வேட்டி ஓரத்தைக் கிழித்துச் சல்லடையைத் துடைத்தேன். டேங்கைப் பெட்ரோல் விட்டு அலசினேன். கேனில் இருந்ததைத் துணியில் வடிகட்டி, அடியில் நின்ற தண்ணீரை விட்டுவிட்டு மேலே இருந்ததை ஊற்றினேன். இந்தத் தடவை ஒரே இழுப்பில் பிடித்தது. நிற்கவில்லை.

ஏரியைக் கரையோரமாகச் சுற்றி, தீவுப் பக்கம் போனோம். வெயில் உச்சிக்கு ஏறியது. புல் அடர்ந்த இடத்தில் தோட்டக்காரர் கையைத் தூக்கினார். மோட்டாரை நிறுத்தினேன். அவன் நீலச் சட்டையோடு, கால்களில் புல் சுற்றிக் கவிழ்ந்து கிடந்தான்.

மூன்று பேருமாகத் தூக்கிப் படகில் கிடத்தினோம். தோட்டக்காரர் தன் துண்டை எடுத்துத் தம்பியின் முகத்தை மூடினார். நான் கயிற்றைச் சுற்றப் போனபோது என் கையைப் பிடித்தார்.

"வேணாம் தம்பி. அந்தச் சத்தம் வேணாம். மெதுவாப் போலாம்."

படகுக்காரரும் நானும் ஆளுக்கொரு துடுப்பைப் போட்டோம். தோல் உரிந்த கை எரிந்தது. கரையில் கூடியிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை மரத்தடியில் டேங்கை ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். படகுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "சரியா நேரத்துக்கு ஓடியிருந்தா முந்தின நாளே கெடைச்சிருப்பான் இல்ல?" என்று கேட்டார்.

"கெடைச்சிருப்பான். உசுரோட இல்ல" என்றேன்.

அவர் தலையாட்டினார். மரத்தடியில் காற்று நன்றாக இருந்தது. கையைக்கூடக் கழுவாமல் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டேன்.