எலுமிச்சம்பழத்தின் மேல் உருண்ட எந்திரம்

மஞ்சுளாவுக்குப் பிடிக்காத ஒரே சொல் ‘சுமார்’. சுமாரான சாப்பாடு, சுமாரான மாப்பிள்ளை, சுமாராக எட்டு மணிக்கு வரும் பேருந்து என்று எதைக் கேட்டாலும் அவளுக்குக் குமட்டும். அப்படிப்பட்டவளுக்கு மண்ணூர்ப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில்தான் உயிர்வேதியியல் கற்பிக்கும் வேலை கிடைத்தது. அங்கே ஆய்வுக்கூடம் என்று பெரிய பலகை இருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் சுமார்.

1991இல் எழிலரசி என்ற இறுதியாண்டு மாணவி ஒரு கேள்வியோடு வந்தாள். முளைகட்டிய பச்சைப்பயறில் ஒரு நொதி இருக்கிறது. அது வேலை செய்தால் நிறமில்லாத கரைசல் மஞ்சளாகும். பாஸ்பேட் கலந்தால் மஞ்சளாவது மந்தமாகிறது. “பூந்தமல்லி பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் புடிக்கிறான் இல்ல மேடம், அது மாதிரி பாஸ்பேட் போய் ஒட்டிக்கினு வேற ஆள உட்கார விட மாட்டேங்குது” என்றாள். உவமை சரிதான். ஆனால் எவ்வளவு பாஸ்பேட்டுக்கு எவ்வளவு தாமதம் என்று கண்ணால் சொல்ல முடியாது. அளவுகள் இல்லையென்றால் ஆய்வறிக்கை இல்லை. அறிக்கை இல்லையென்றால் மேற்படிப்புக்கு இடமில்லை. மறைமலை நகரில் அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனியில் பேக்கிங் லைனுக்குச் சொல்லி வைத்திருப்பதாக வீட்டில் ஏற்கெனவே பேச்சு.

கரைசலின் வழியே எவ்வளவு ஒளி கடந்து வருகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வேண்டும் என்று கல்லூரித் தாளாளர் திருமலையிடம் மஞ்சுளா கேட்டாள். அவர் அரிசி ஆலையில் சம்பாதித்ததைக் கல்வியில் போட்டவர். ஆலைக்கும் கல்லூரிக்கும் பெரிய வித்தியாசம் பார்க்காதவர். பிள்ளைகளுக்குக் கண் இல்லையா என்று கேட்டுவிட்டு, நுழைவாயில் வளைவுக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கப் போனார்.

சாலையோரம் ஒரு மருந்துக் கம்பெனி புது எந்திரம் வாங்கிப் பழையதை ஒதுக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு மஞ்சுளாவே பல தடவை போனாள். காவலாளி ஒவ்வொரு முறையும் அவளை வேலை கேட்டு வந்தவர்களின் வரிசையில் நிறுத்தினான். வியர்வை நாற்றத்துக்கு நடுவே, மூக்கில் கைக்குட்டையோடு, அவளும் நின்றாள். கடைசியில் மேலாளர், இவள் வருவதை நிறுத்தினால் போதும் என்ற எண்ணத்தில் கொடுத்துவிட்டார்.

எந்திரம் வந்து இறங்கியதும் அது திருமலையின் எந்திரமாகிவிட்டது. ஆயுத பூஜை முடியாமல் யாரும் தொடக் கூடாது என்று பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பூஜை விடுமுறை முடிந்து திரும்பிய மஞ்சுளா ஆய்வுக்கூட வாசலிலேயே நின்றாள். எந்திரத்தின் முகப்பு முழுக்கச் சந்தனம். குமிழ்களில் குங்குமம். கரைசல் ஊற்றும் சின்னக் கண்ணாடிப் பேழைகளில், ஒளி புக வேண்டிய பக்கமாகப் பார்த்து, ஒன்றுவிடாமல் பொட்டு. தரையில் நசுங்கிய எலுமிச்சம்பழங்களை ஈ மொய்த்தது. பக்கத்தில் விடுதியின் சோற்று அண்டா தள்ளும் வண்டி நின்றது. அதன் சக்கரங்களில் தோல் ஒட்டிக் காய்ந்திருந்தது.

“இது எதுக்கு இங்க?” என்றாள்.

ஆய்வுக்கூட உதவியாளர் சுப்பிரமணி பெருமையாகவே விளக்கினார். “வண்டின்னா பழம் நசுக்கணும்ல மேடம். இதுக்கு சக்கரம் இல்ல. அதான் ஐயா தள்ளுவண்டியில ஏத்தி உருட்டச் சொன்னாரு. லாரிக்கு இன்ஜின ஓட வுட்டுதான நசுக்குவாங்க? அதே மாரி ஒயர இழுத்து, ஐயாவே ஸ்விட்ச்ச போட, எரிய எரிய உருட்டினோம்.”

எந்திரத்துக்குள் சூடாக எரியும் பல்பின் இழை ஒரு குலுக்கலைத் தாங்காது. மஞ்சுளா ஸ்விட்சைப் போட்டாள். இருட்டு. முள் அசையவில்லை. பின்னால் நின்ற எழிலரசி ஊறிய பயற்றை வடிகட்டப் போனாள்.

பல்பு சென்னைப் பாரிமுனையில் கிடைக்கும். வாங்கித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, ஓசி எந்திரத்துக்கு ஆயிரம் கேடு என்றார் திருமலை. அடுத்த வருஷம் பார்க்கலாமாம். அறிவியல், மாணவியின் எதிர்காலம், கல்லூரியின் பெயர் என்று எதைச் சொன்னாலும் பல் குத்திக்கொண்டிருந்தார். மஞ்சுளா எழுந்தாள். கதவு வரை போனாள். தன் வாயிலிருந்து வரப் போவது என்னவென்று அவளுக்கே தெரிந்தது, திரும்பி நின்றாள்.

“பூஜை நடக்கச்சொல்ல எரிஞ்சிக்கினு இருந்த வெளக்குதாங்க அணைஞ்சிருக்கு. உங்க கையால போட்டது. நான் வேற ஒண்ணும் சொல்லல ஐயா.”

பல் குத்துவது நின்றது. “யார் யாருக்குத் தெரியும்?” என்றார் திருமலை.

அன்று மாலையே அவருடைய கார் சென்னைக்குப் பறந்தது. மறுநாள் பல்பு வந்தது, ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் வழியாக. அதன் கண்ணாடியிலும் ஒரு பொட்டு.

மஞ்சுளா அதை ஸ்பிரிட்டால் துடைத்தாள். பிறகு பேழைகள், குமிழ்கள், முகப்பு. கடைசியில் தன் விரல்கள். பகுத்தறிவோடு வாதாடிக் கிடைக்காதது ஒரு சகுனத்தைக் கிசுகிசுத்ததும் கிடைத்துவிட்டது என்பதை மட்டும் எதைப் போட்டும் துடைக்க முடியவில்லை. எழிலரசியின் வரைபடத்தில் கோடுகள் சந்திக்க வேண்டிய இடத்தில் சந்தித்தன. துண்டு போட்டவனுடன் எத்தனை பேர் மல்லுக்கட்டினால் சீட் மீளும் என்பது இப்போது எண்ணாகவே இருந்தது. எழிலரசி அதையே மூச்சு விடாமல் பார்த்தாள். மஞ்சுளா, அளவை இன்னொரு தடவை எடுக்கச் சொன்னாள்.

அடுத்த ஆண்டு ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தவள் மஞ்சுளாதான். ஒயரைப் பிடுங்கி, எந்திரத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, காலித் தள்ளுவண்டியைப் பழங்களின் மேல் தானே உருட்டினாள். திருமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாறு அவள் காலில் தெறித்தது. முகத்தைச் சுளித்தபடி இன்னொரு முறை உருட்டினாள், சரியாக நசுங்கவில்லை என்று.