முகாம் வாசலில் மொழி சொன்னவள்

குண்டூசிகளைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, அந்த நீலச் சட்டையின் தோள் தையலை மறுபடியும் பிரித்துக்கொண்டிருக்கிறாள் தையற்காரி. போன வருடம் பிரித்துத் தைத்ததுதான். உள்ளே மடித்து விட்ட துணியெல்லாம் தீர்ந்துவிட்டது. இனி ஒட்டுப் போட்டால்தான் உண்டு.

"எம் மகனுக்கு இந்நேரம் தோள் நல்லா அகண்டிருக்கும்ல, தங்கச்சி?" என்கிறாள் எதிரே உட்கார்ந்திருக்கும் மாடிவீட்டுக்காரி.

"அகண்டிருக்கும்க்கா."

தனியாக இருக்கும்போது தையற்காரி தன்னைப் பற்றியே யாரோ சொன்னதுபோலப் பேசுவாள். "பசிக்குதாம்" என்று முணுமுணுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். பழைய வேலையின் மிச்சம் அது. ஊரை அந்நியப் படை பிடித்திருந்த காலத்தில், துறைமுக அலுவலகத்தில் அவர்கள் மொழியைக் கற்றிருந்த இவளை முகாம் வாசலில் நிறுத்தினார்கள். அதிகாரி சொல்வதை ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். "கலைஞ்சு போகணுமாம்." "பேர் சொல்லலைன்னா வீட்டைக் கொளுத்துவாங்களாம்." அதற்குக் கூலியாகக் கிடைத்த ரொட்டியைத்தான் அண்ணன் வீட்டுப் பிள்ளைகளும் தின்றார்கள்.

படை போனது. விசாரணை வந்தது. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொன்னதற்குத் தண்டனை இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. "உன் வாயால எத்தனை வீடு பாழாச்சு!" என்று அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டான். இன்று அவளோடு முகம் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் மாடிவீட்டு அக்காதான். அந்தப் பேச்சும் ஒரே இடத்தில் போய்த்தான் நிற்கும்.

"அன்னைக்கு அந்த அதிகாரி என்ன சொன்னான்? இன்னொரு தடவ சொல்லேன்."

"அடுத்த வாரம் விட்டுடுவானாம்க்கா."

அந்த வாசலில் அவள் மாற்றிச் சொன்ன ஒரே பேச்சு அது. அதிகாரி சொன்னது வேறு: 'அவனை நேற்றே புதைத்தாயிற்று, இவளைப் போகச் சொல்.' மகனுக்கு மாற்றுச் சட்டை என்று இந்த நீலச் சட்டையை மடித்து நீட்டிக்கொண்டு நின்ற அக்காவிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. மகனை விடாமல் அந்நிய நாட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள், ஒருநாள் வருவான் என்று அக்கா இன்னும் காத்திருக்கிறாள். இப்போது உண்மையைச் சொன்னால் அவளும் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அந்தக் காலத்தை இப்போது படமாக எடுத்திருக்கிறார்கள். காட்டிக்கொடுத்தவர்களில் சிலரே பின்னால் மந்திரிகளான கதை. ஊரே திரண்டு போய்ப் பார்க்கிறது. "அந்த முகாம் வாசல் அப்படியே வருதுன்னு சொல்றாங்க. துணைக்கு வா" என்று அக்கா பிடிவாதமாக இழுத்துப்போனாள். கொட்டகையில் பின்வரிசை கிசுகிசுத்தது: "அதோ, அவதான்."

திரையில் வாசல் வந்தது. ஒரு தாய் வந்தாள். அதிகாரியாக நடித்தவன் அந்த மொழியிலேயே சுருக்கமாக ஏதோ சொன்னான். திரையின் கீழே மொழிபெயர்ப்பு எழுத்து எதுவும் வரவில்லை. கொட்டகை முழுவதிலும் அது புரிந்தது தையற்காரி ஒருத்திக்குத்தான்: 'அவனை நேற்றே புதைத்தாயிற்று.'

"என்ன தங்கச்சி சொல்றான்?"

திரையில் அவன் அதையே மறுபடியும், இன்னும் உரக்கச் சொல்ல வாயெடுத்தான். அக்காவுக்கு அந்த மொழி தெரியாது என்பதையும் மறந்து, தையற்காரி சட்டென்று திரும்பி, அவள் காதுகளைத் தன் உள்ளங்கைகளால் இறுகப் பொத்தினாள்.